தூரமும் குணமும்

"பயாப்சி ரிசல்ட் வந்துடுச்சு" என்று போனில் சொன்னதுமே மறுமுனையிலிருந்து வரும் கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததுதான். "எந்த ஸ்டேஜாம்?" சித்தப்பா கேட்பார். பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூடக் கேட்பார். ஒன்று என்றால் பிழைத்துக்கொள்வார். நான்கு என்றால் கேட்டவர் குரல் இறங்கிவிடும். இந்தக் கணக்கை நமக்குச் சொல்லிக்கொடுத்ததில் சினிமா டாக்டர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி "லாஸ்ட் ஸ்டேஜ்" என்பார்கள். அதையும் பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய்க்குத்தான் சொல்வார்கள். ஆனால் தீவிர வகை ரத்தப் புற்றுநோய்க்கு இந்த ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பதே கிடையாது. ரத்தம் ஓடாத இடம் உடம்பில் ஏது? முதல் நாளிலேயே எங்கும் இருக்கிற நோய்க்கு, எதுவரை பரவியிருக்கிறது என்று அளப்பதில் பொருளில்லை.

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் வருகிற ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். கட்டி 3 செ.மீ. கிரேடு 3. அக்குளிலிருந்து எடுத்த 14 நிணநீர்க் கணுக்களில் இரண்டில் நோய் தெரிகிறது. கடைசி வரியில் பி.டி.2, பி.என்.1 என்று ஏதோ பஸ் நம்பர் போல எழுதியிருக்கும். ஸ்டேஜ் என்ற சொல் பல ரிப்போர்ட்டுகளில் இருக்கவே இருக்காது. வீட்டார் கண்ணில் படுவது கிரேடு 3 என்பதுதான். சாயங்காலத்துக்குள் "மூணாவது ஸ்டேஜாம்" என்று ஊர் முழுக்கப் பரவிவிடும். வேறெங்கும் பரவவில்லை என்றால், உடற்கூற்றுக் கணக்கில் இந்த நோயின் நிலை 2பி. மூன்று அல்ல.

ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கான விடை. கிரேடு என்பது நோயின் குணம் என்ன என்பதற்கான விடை. தூரத்தை டாக்டரின் கையும் ஸ்கேனும் கத்தியும் சேர்ந்து சொல்கின்றன. குணத்தைச் சொல்வது நுண்ணோக்கி ஒன்றுதான். கிரேடு என்பதைத் தமிழில் 'தரம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. உயர்தரம் என்றால் நமக்கு சைவ ஓட்டல் போர்டுதான் நினைவுக்கு வருகிறது. இங்கேயோ தரம் கூடக்கூட நோய் பொல்லாதது.

முதலில் குணத்தைப் பார்ப்போம். வெட்டியெடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, நீரை வடித்து, மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டியாக்குவார்கள். பார்ப்பதற்குக் கைக்கடக்கமான ஒரு மெழுகு வில்லை; அதன் நடுவே பழுப்பாகச் சதைத் துணுக்கு. லேப்பில் இதற்கு 'ப்ளாக்' என்று பெயர். அதை மைக்ரோடோம் என்ற கருவியில் வைத்துச் சீவினால் வெங்காயத் தோலைவிட மெல்லிய நாடாவாகச் சுருண்டு வரும். ஒரு சீவலின் பருமன் சுமார் 4 மைக்ரான்; ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு இப்படி 250 சீவல்களை அடுக்கலாம். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கி, கண்ணாடிச் சில்லில் ஏந்திக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் செல்களுக்கு நிறம் இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கும் ஹிமடாக்சிலின் என்ற சாயத்தை ஏற்றினால் செல்லின் உட்கரு நீலமாகிறது. இயோசின் என்ற சாயம் மற்றதையெல்லாம் ரோஜா நிறமாக்குகிறது. நீலம் தரும் அந்த மரம் ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் போடப் பயன்பட்டது. மரபணுவையே வரிசையாகப் படித்துவிடுகிற இந்தக் காலத்திலும், உலகின் பெரும்பாலான புற்றுநோய்கள் இந்த நீலத்தையும் ரோஜாவையும் வைத்துத்தான் முதலில் அடையாளம் காணப்படுகின்றன.

அந்தச் சில்லில் நோயியல் மருத்துவர் தேடுவது என்ன? செல் தன் பிறந்த வீட்டுப் பழக்கத்தை எவ்வளவு மறந்துவிட்டது என்பதைத்தான். மார்பகத்தின் பால் சுரப்பிச் செல்கள் வட்டமாகக் கூடி நின்று குழாய் கட்டும். பாலைக் கொண்டுசெல்வது அவற்றின் வேலை அல்லவா? புற்றாக மாறிய பிறகும் சில செல்கள் அந்த வேலையை விடுவதில்லை. பால் இல்லை, பயனில்லை, ஆனாலும் பழைய நினைவில் குழாய் கட்டிக்கொண்டிருக்கும். வேறு சில எல்லாவற்றையும் மறந்து கும்பலாகவும் தனித்தனியாகவும் அலையும். 1890-இல் பெர்லினில் ஹான்ஸமான் என்ற நோயியலாளர் இந்த மறதிக்கு 'அனபிளேசியா' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆல்பர்ட் பிராடர்ஸ் 1920-இல் 537 உதட்டுப் புற்றுநோய்களைப் பார்த்து, மறதியின் அளவை வைத்து நான்கு படிகளாகப் பிரித்தார். நினைவு மிச்சமிருந்த கட்டிகளை உடையவர்கள் அதிக நாள் வாழ்ந்திருந்தார்கள்.

இப்போது மார்பகத்துக்கு உலகெங்கும் பயன்படுவது நாட்டிங்ஹாம் முறை. இதைப் பள்ளிக்கூட மார்க் ஷீட் என்றே சொல்லிவிடலாம். மார்க் கூடினால் மோசம் என்பது மட்டும்தான் வித்தியாசம். மூன்று பாடம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து மூன்று வரை மதிப்பெண். கட்டியில் முக்கால் பங்குக்கு மேல் குழாய் கட்டியிருந்தால் 1. பத்தில் ஒரு பங்குகூட இல்லையென்றால் 3. உட்கருக்கள் ஒரே அளவில் அடக்கமாக இருந்தால் 1. ஒன்று சிறிது, ஒன்று பூதம் என்று கண்டபடி இருந்தால் 3. மூன்றாவது பாடம் செல் பிரிவு. நுண்ணோக்கியில் பத்து வட்டங்களை எடுத்துக்கொண்டு, இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கூட்டுத்தொகை 5 வரை கிரேடு 1; 6, 7 என்றால் கிரேடு 2; 8, 9 என்றால் கிரேடு 3. இதில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. எல்லா நுண்ணோக்கியின் வட்டமும் ஒரே அகலம் இல்லை. பெரிய வட்டத்தில் அதிக செல் தெரியும், அதிக பிரிவும் தெரியும். அதனால் வட்டத்தின் விட்டத்துக்கு ஏற்ப மதிப்பெண் அட்டவணையும் மாறும். எண்ணும் கண்ணும் கருவியும் மாறினால் 7-உம் 8-உம் இடம் மாறிக்கொள்ளலாம் என்பதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்குக் கதை வேறு. மினியாபோலிஸ் நகரில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த டொனால்டு கிளீசன், சுரப்பிகள் எப்படிச் சிதைகின்றன என்பதை ஐந்து படங்களாகத் தானே வரைந்து 1966-இல் வெளியிட்டார். ஒரே கட்டிக்குள் இரண்டு குணம் இருக்கும் என்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே அதிகமாக இருக்கும் வடிவத்துக்கு ஒரு எண், அடுத்ததற்கு ஒரு எண், இரண்டையும் கூட்டு என்றார். மற்றவர்கள் மோசமான பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இது புதிது. காலப்போக்கில் 1, 2 என்ற வடிவங்களைப் பயாப்சியில் சொல்வதே வழக்கொழிந்தது. இன்று ஆரம்ப மதிப்பெண்ணே 3+3, அதாவது 6. ரிப்போர்ட்டில் 'பத்துக்கு ஆறு' என்று பார்க்கும் பெரியவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாகப் பயப்படுகிறார். அதுதான் இருப்பதிலேயே சாதுவான வகை, பல நேரம் வெட்டாமல் கண்காணித்தாலே போதும் என்று யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 3+4-ம் 7, 4+3-ம் 7. கணக்கு வாத்தியாருக்கு இரண்டும் ஒன்று, நோய்க்கு ஒன்றல்ல. இந்தக் குழப்பம் தீரத்தான் 2014-இல் கூடிய நிபுணர்கள் 1 முதல் 5 வரை புதிய தொகுதிகளை வகுத்தார்கள். 6 என்பது தொகுதி 1. 3+4 தொகுதி 2. 4+3 தொகுதி 3.

குணம் பொல்லாதது என்றால் முடிவும் பொல்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. நிணநீர்ப் புற்றுநோய்களில் வேகமாகப் பெருகும் சில வகைகள், பிரியும் செல்லைத் தாக்குகிற கீமோ மருந்துக்கு அப்படியே கரைந்துபோகும். பலர் முழுக்கக் குணமாகிறார்கள். மெதுவாக வளரும் சாதுவான வகை பல வருஷம் தொந்தரவு தராமல் இருக்கும். ஆனால் ஒட்டுமொத்தமாக ஒழித்துக்கட்டுவது கடினம்.

இனி தூரம். ஸ்டேஜ் என்ற ஏற்பாடு நோயாளிக்குத் தகவல் சொல்வதற்காகப் பிறந்ததல்ல. ஆஸ்பத்திரிகளை ஒப்பிடப் பிறந்தது. முதல் உலகப் போருக்குப் பின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியம் வைத்துச் சிகிச்சை தருவது ஐரோப்பாவில் பரவியது. நம் ஊரில் கதிர்வீச்சை இன்றும் 'கரண்ட் வைக்கிறது' என்கிறார்களே, அதன் முன்னோடி. பிழைத்தவர்கள் விகிதம் என்று ஒவ்வொரு நகரமும் ஒவ்வொன்று சொன்னது. எது உண்மை? ஆரம்ப நோயாளிகளாக வருகிற ஆஸ்பத்திரியில் நிறையப் பேர் பிழைப்பார்கள். முற்றிய நோயாக வந்து சேருகிற ஆஸ்பத்திரியில் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் பிழைப்பவர் குறைவு. இந்தச் சிக்கலைத் தீர்க்க இறங்கியது, இன்றைய ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகளின் சங்கம். அதன் சுகாதார அமைப்பு 1929-இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை நான்கு நிலைகளாக வகுத்தது. போரை நிறுத்தத் தவறிய சங்கம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அது விட்டுப்போன இந்த நான்கு எண்கள் இன்னும் நம் வீட்டு போன் பேச்சில் இருக்கின்றன. பின்னாளில் பாரிஸுக்குப் பக்கத்தில் குஸ்தாவ் ரூஸி புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த பியர் தெனுவா என்ற அறுவை மருத்துவர், 1943-க்கும் 1952-க்கும் இடையில், எல்லா உறுப்புக்கும் பொருந்துகிற டி, என், எம் என்ற மூன்றெழுத்து முறையை உருவாக்கினார்.

டி என்பது கட்டி. ஆனால் கட்டியை அளக்கும் கோல் உறுப்புக்கு உறுப்பு மாறும். மார்பகத்தில் 2 செ.மீ., 5 செ.மீ. என்று அகலத்தைப் பார்க்கிறார்கள். பெருங்குடலில் அகலத்துக்கு மதிப்பே இல்லை. குடல் சுவரின் எத்தனை அடுக்கைத் துளைத்தது என்பதுதான் கேள்வி. உள்ளே எலுமிச்சை அளவு தொங்கும் கட்டி டி.1 ஆக இருக்கலாம். சுண்டைக்காய் அளவுள்ளது சுவரைத் தாண்டியிருந்தால் டி.3. தோலில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய்க்கு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பதுதான் கணக்கு. புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டில் அதிகமாக இருக்கும் வாய்ப் புற்றுநோயில், இந்த மூன்றெழுத்து முறையின் விதிநூலுக்கு 2018-இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பிலிருந்து ஆழமும் சேர்ந்துகொண்டது. நாக்கில் 2 செ.மீ.க்குள் இருக்கும் சின்னப் புண்ணானாலும் 5 மி.மீ.க்கு மேல் வேர்விட்டிருந்தால் டி.1 அல்ல, டி.2. மேலே சின்னதாகத் தெரிகிற புண்ணை நம்பாதே என்று இத்தனை நாள் அனுபவத்தில் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது அளவுகோலில் ஏற்றிவிட்டார்கள்.

என் என்பது நிணநீர்க் கணு. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் வடிகால் உண்டு. அந்த வடிகாலில் முதல் சோதனைச் சாவடி இந்தக் கணு. புற்றுச் செல்லும் பல நேரம் அதே வழியில் போகிறது. முன்பெல்லாம் மார்பக அறுவையில் அக்குள் கணுக்களை மொத்தமாக வழித்தெடுப்பார்கள். அதன் பலனாகச் சிலருக்குக் கை யானைக்கால் போல வீங்கிக்கொண்டு ஆயுள் முழுக்கச் சிரமம். 1990-களில் ஒரு எளிய யோசனை வந்தது. கட்டிக்குப் பக்கத்தில் நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றி, சில நிமிடம் காத்திருந்து அக்குளைத் திறந்து பார்த்தால், எந்தக் கணு முதலில் நீலமாகிறதோ அதுதான் காவல் கணு. அதை மட்டும் எடுத்துச் சோதித்து, சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொட வேண்டாம். மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நோயாளி பதறிவிடுவார். அந்தக் கணுவில் 0.2 மி.மீ.க்கு மேற்படாத செல் கூட்டம் தெரிந்தால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, என்.0 என்றே எழுதுவார்கள். உப்புக்கல்லில் பாதிகூட இல்லாத அளவில் கோடு கிழித்திருக்கிறார்கள்.

எம் என்றால் தொலைவில் பரவியது. அங்கே சில்லறை கிடையாது; உண்டா இல்லையா என்பதே முதல் கேள்வி. பெட் ஸ்கேனில் கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஏற்றி, பசித்த புற்றுச் செல்கள் அதை எங்கெல்லாம் விழுங்குகின்றன என்று பார்க்கிறார்கள். அந்தக் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்துகொண்டே போகும். அதனால்தான் அந்த ஸ்கேனுக்கு நேரம் தவறாமல் வரச் சொல்கிறார்கள்.

இந்த மூன்றெழுத்தையும் கூட்டி நான்கு நிலைகளுக்குள் மடிக்கும் இடத்தில்தான் நம் சினிமாக் கணக்கு உடைகிறது. வழக்கமான தைராய்டு புற்றுநோய் 55 வயதுக்குக் கீழே ஒருவருக்கு வந்தால், நுரையீரல் வரை பரவியிருந்தாலும் நிலை 2 தான். அந்த வயதில் அவருக்கு மூன்று, நான்கு என்ற நிலைகளே இல்லை. அத்தனை பேர் பிழைக்கிறார்கள். அதே சுரப்பியில் வரும் அனபிளாஸ்டிக் என்ற அரிய வகையோ கண்டுபிடித்த நாளிலேயே நிலை 4. விதைப்பைப் புற்றுநோய்க்கு நான்காம் நிலையே கிடையாது. 1996-இல் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு அது நுரையீரலுக்கும் மூளைக்கும் போயிருந்தது. சிஸ்பிளாட்டின் கலந்த மருந்துகளில் குணமானார். மூளைக் கட்டிக்கு நேர்மாறு: அது மூளையை விட்டு வெளியே போவது அபூர்வம், ஆகவே தூரம் அளப்பதில்லை, 1 முதல் 4 வரை கிரேடு மட்டும்தான். மூளைக் கட்டிக்காரர் வீட்டில் 'நாலாவது ஸ்டேஜ்' என்று சொன்னால் அது அநேகமாக கிரேடு 4 ஆக இருக்கும்.

எண்களும் நிரந்தரமல்ல. எச்.பி.வி. வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய் கழுத்தில் பல கணுக்களுக்குப் பரவியிருந்தால் ஏழாம் பதிப்பில் நிலை 4. அவர்கள் நன்றாகப் பிழைக்கிறார்கள் என்று தெரிந்ததும் எட்டாம் பதிப்பு அவர்களில் பலரை நிலை 1-க்கு இறக்கிவிட்டது. மார்பகத்திலோ தூரத்தோடு குணத்தையும் சேர்த்துவிட்டார்கள். கணுவுக்குப் போகாத 3 செ.மீ. கட்டி பழைய கணக்கில் 2ஏ. அதே கட்டி கிரேடு 1 ஆக இருந்து, இரண்டு ஹார்மோன் சோதனையும் பாசிட்டிவ், ஹெர்2 என்ற சோதனை நெகட்டிவ் என்றால் அறுவைக்குப் பின் எழுதும் புதிய கணக்கில் 1ஏ.

புள்ளிவிவரம் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏ செக்‌ஷனில் மூன்று பேர்: 90, 80, 60 மதிப்பெண். பி செக்‌ஷனில் 50, 40, 30. அறுபது வாங்கிய பையனை பி-க்கு மாற்றுங்கள். ஏ-யின் சராசரி ஏறக்குறைய 77-இலிருந்து 85 ஆகிறது. பி-யின் சராசரி 40-இலிருந்து 45. யாரும் ஒரு வரிகூடக் கூடுதலாகப் படிக்கவில்லை! நல்ல ஸ்கேன் வந்ததும் இதுதான் நடந்தது. முன்பு கண்ணுக்குத் தெரியாத பரவலோடு நிலை 1-இல் இருந்தவர் இப்போது நிலை 4-க்குப் போகிறார். இரண்டு நிலைகளிலும் பிழைப்பு விகிதம் உயர்ந்ததாகக் காகிதம் சொல்கிறது. ஆல்வன் ஃபைன்ஸ்டைன் என்ற அமெரிக்க மருத்துவர் 1985-இல் நுரையீரல் புற்றுநோயில் இதைக் காட்டினார். இடம்பெயர்ந்தவர்களால் இரு மாநிலங்களின் சராசரி அறிவும் உயர்ந்தது என்று வில் ரோஜர்ஸ் என்ற நகைச்சுவைக்காரர் அடித்த ஜோக்கின் பேரால் அதை 'வில் ரோஜர்ஸ் விளைவு' என்கிறார்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இதையெல்லாம் யோசித்தே, 2018 வரை சி.டி., எம்.ஆர்.ஐ. பார்த்து நிலையை மாற்றக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். அந்த நோய் அதிகமாக இருப்பது ஸ்கேன் வசதி குறைந்த ஏழை நாடுகளில். சென்னையில் ஒரு எண், சிற்றூரில் ஒரு எண் என்று ஆகிவிடக் கூடாது. மருத்துவரின் விரலுக்கு எட்டுவதே அளவாக இருந்தது. அந்த விரலுக்கு எட்டுவதற்கும் முன்பே பிடிக்கலாம் என்பதைத் திண்டுக்கல் மாவட்டம் காட்டியது. கிராமத்துப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, சமையலறை வினிகரில் இருக்கும் அதே பொருளை, தடவிப் பார்த்தார்கள். வெண்மையாக மாறிய இடம் சந்தேகத்துக்குரியது. அதற்கு உடனே வைத்தியம். 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு ஒரே ஒருமுறை செய்த இந்தச் சோதனை, அந்நோயால் ஏற்படும் மரணத்தை 35 சதவீதம் குறைத்ததாக 2007-இல் லான்செட் இதழில் வெளியானது.

ஒருவருக்கு ஒருமுறை எழுதிய நிலை பிறகு மாறாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிலை 2-இல் சிகிச்சை எடுத்தவருக்கு ஐந்து வருஷம் கழித்து எலும்பில் திரும்ப வந்தாலும், ஃபைலில் அவர் நிலை 2-இல் தொடங்கியவர்தான். திரும்ப வந்ததைத் தனியாகக் குறிப்பார்கள்.

ரிப்போர்ட் வாங்கும்போது "எந்த ஸ்டேஜ்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். கிரேடு என்ன, எத்தனை கணு எடுத்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது, ஸ்கேனை வைத்துச் சொல்கிறார்களா அறுவைக்குப் பின் சொல்கிறார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. அந்த மெழுகு ப்ளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் லேப்பில் கேட்டு வாங்கிப் போங்கள். அங்கே இருப்பவர் தன் கண்ணால் ஒருமுறை பார்க்கட்டும். கோடைக்காலத்தில் ப்ளாக்கை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.